நாளைக்கு எவனாவது வருவான்

கடலுக்கு முதுகைக் காட்டிப் பிழைக்கிறவன் நான். பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மடக்கு நாற்காலி போட்டிருப்பேன். எதிரே வந்து உட்காருகிறவர் கடலைப் பார்ப்பார். நான் அவர் மூக்கைப் பார்ப்பேன். என் நாற்காலியைக் கடல் பக்கம் நான் ஒருநாளும் திருப்பியதில்லை. நீச்சல் தெரியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவ்வளவு பெரிதாக ஒன்று சும்மா கிடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டும், நடுநடுவே நகைச்சுவை என்று நம்பி எதையாவது எழுதிக்கொண்டும் இருந்தேன். பத்திரிகை அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனபோது, அச்சு இயந்திரத்தோடு என்னையும் விட்டுவிட்டுப் போனது. அதிலிருந்து கல்யாண வீடுகள்தான். இப்போது சென்னையில் கல்யாணம் என்றால் மருதாணி போடும் பெண்ணுக்கும் பஞ்சுமிட்டாய்க்காரருக்கும் நடுவில் ‘லைவ் கேரிகேச்சர்’ என்று ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான் நான். வந்தவர்களின் குறையைப் பெரிதாக்கிக் கையில் கொடுப்பேன். உறவினர்கள் இலவசமாகச் செய்வதை நான் தாளில் செய்கிறேன், அவ்வளவுதான்.

தி.நகரில் மூன்று ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று என்னைக் கூப்பிட்டது. பெரியவருக்கு அறுபதாம் கல்யாணம். கப்பலில் தீ மூட்ட விடமாட்டார்கள் என்பதால் ஹோமத்தையும் தாலி கட்டுவதையும் முன்கூட்டியே ஒரு மண்டபத்தில் முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சொந்தபந்தம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு, சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி, நடுக்கடலைச் சுற்றி, எந்த ஊரிலும் நிற்காமல் திரும்பி வருகிற கப்பல் ஒன்றில் சில நாள். கடைசி மாலை விருந்து. எங்கும் போகாமல் திரும்பி வருவதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடா என்று தோன்றியது. நான் அதை அபிராமபுரத்து மாடி அறையில் இருந்தபடியே பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

என்னை அமர்த்தியவர் பெரியவரின் மகள். நாற்பதை நெருங்குகிறவர். மூன்று கடைகளில் சின்னதை, பெரிய தெருவில் இல்லாமல் ஒரு சந்துக்குள் ஒதுங்கியிருந்ததை, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து சீக்கிரமே திரும்பி வந்துவிட்டவரை ஊர்க் கண்ணில் படாமல் வைப்பதற்காக அந்தச் சந்துக்கடையில் உட்கார வைத்தார்களாம். இப்போது சந்து முழுக்க அந்தக் கடைக்கு வந்த கூட்டம்தான் நின்றது. இதைக் கடை வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவர் எனக்குச் சொன்னார்.

“ஒரே ஒரு விஷயம் சார்,” என்றார் மகள், புடவை மடித்தபடி. “எங்கப்பாவுக்கு மூக்கு பெருசு. மரியாதைக்குன்னு சின்னதா போட்ராதீங்க. அவருக்குக் கோவம் வரும்.”

“பெருசா போட்டாத்தானே கோவம் வரணும்?”

“பொய் சொன்னா வரும்.”

துறைமுகத்துக்கு ஆட்டோவில் போனேன். ஓட்டுநர் என் பெட்டியையும் படப் பலகையையும் பார்த்துவிட்டு விசாரித்தார்.

“இன்னா சார், கப்பல்ல போறியா?”

“ஆமாம்.”

“நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சா மட்டும் இன்னா சார், நடுக்கடல்ல எந்தப் பக்கம் நீந்துவ?” கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது. “சும்மா சொன்னேன் நைனா. கப்பலு ஸ்ட்ராங்கா கீதுன்னு சொல்றாங்க.”

யார் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

கப்பல் கிளம்பித் தெற்கே திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கலங்கரை விளக்கம் போயிற்று. பெசன்ட் நகர் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் சாக்பீஸ் துண்டு அளவுக்குத் தெரிந்து மறைந்தது. பாலவாக்கம் வரைக்கும் ஊரைக் கண்ணால் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் முதுகைக் காட்டியதற்குக் கடல் பதில் சொல்ல ஆரம்பித்தது. மதியம் சாப்பிட்ட சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டது.

நான் ஒதுங்கிய இடம் கீழ்த்தளத்தில் ஒரு நீளமான வெளி நடைபாதை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

“வாயத் தொறங்க. உப்பு நார்த்தங்காய். முழுங்காதீங்க, கன்னத்துல ஒதுக்கிக்கோங்க.”

பெரியவரின் மகள்தான்.

“கப்பலுக்கு நார்த்தங்காயா?” என்றேன், ஒதுக்கிக்கொண்டு.

“நெலாவுக்குப் போனாலும் எங்கம்மா இதைக் கட்டிக் குடுத்துத்தான் அனுப்புவாங்க. ஆமா, மேல எவ்ளோ இடம் இருக்கு, நீங்க ஏன் இங்க வந்து உக்காந்திருக்கீங்க?”

தலைக்கு மேலே காட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புப் படகு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“ஓ! க்யூல மொத ஆளா?”

“எப்ப முழுகினாலும் அலையக் கூடாதுல்ல.”

அவர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். “எனக்கும் இந்த எடந்தான் புடிக்குது. எங்க சொந்தக்காரங்க யாரும் இங்க வரமாட்டாங்க. காத்துல முடி கலஞ்சிரும்.”

மறுநாள் காலையில், உறவினர் கூட்டம் மேல்தளத்தில் இட்லிக்கு வரிசையில் நின்ற நேரத்தில், அவர் நார்த்தங்காய்ப் பொட்டலத்தோடு அங்கே வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். இந்த இடத்திலிருந்து அவரை அவள் என்று எழுதப்போகிறேன். எழுத்தில் மட்டும்தான், நேரில் கடைசிவரை ‘ங்க’தான்.

காதல் என்றால் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. கப்பல் ஒருமுறை சாய்ந்தபோது என் முழங்கையைப் பிடித்தாள். நிமிர்ந்த பிறகும் சற்று நேரம் விடவில்லை. என் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்து, “இது எங்க கடைத் துணி இல்ல. நல்ல வேளை,” என்றாள். ஐம்பதைத் தொட்ட, முன்வழுக்கையும் தடித்த கண்ணாடியும் கொண்ட ஒருவனுக்கு இதுவே அதிகம். இரண்டாவது நாள் ராத்திரி சாப்பாட்டைத் தொடாமல் எழுந்தேன். கடல்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடல் அன்று அசையவே இல்லை.

“ஒரு மொகத்துல எதைப் பெருசாக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?” என்று கேட்டாள்.

“நான் கண்டுபிடிக்கறதில்லைங்க. அவங்களே சொல்லிடுவாங்க. உக்காந்ததும் கை தானா ஒரு எடத்துக்குப் போகும். எதை நெனச்சுப் பயமோ அதைத் தொட்டுக்குவாங்க. மூக்கு, பல்லு, தொப்பை. நான் கையைப் பாத்துட்டு அங்க வரைவேன்.”

“நீங்க எதைத் தொட்டுப்பீங்க?”

“எனக்கு ரெண்டு கை போதாது.”

“சரி, நான்?”

யோசித்துப் பார்த்தேன். அந்த இரண்டு நாளில் அவள் கை புடவைத் தலைப்பையோ கம்பியையோ என் முழங்கையையோதான் தொட்டிருந்தது. முகத்தின் பக்கம் போகவே இல்லை. “நீங்க எதையும் தொடலை,” என்றேன்.

“அப்ப என்னை வரைய முடியாதா?”

“கஷ்டம்தான்.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். அடுத்து அவள் சொன்னதுதான் விளையாட்டில்லை.

விருந்தன்று மாலை அப்பா கடைகளைப் பிரித்துச் சொல்லப்போகிறார் என்றாள். சொந்தபந்தம் எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்லிவிட்டால் பிறகு யாரும் மாற்ற முடியாது. அதற்காகத்தான் இந்தக் கப்பலே. பெரிய கடைகள் இரண்டும் அண்ணனுக்கு. சந்துக்கடையை அவளுக்கே கொடுக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. அண்ணன் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்து வருஷக்கணக்காக அதைத் தடுத்து வைத்திருக்கிறான்.

“என்ன வாக்கியம்?”

“‘கடைய இவ பேர்ல எழுதினா, நாளைக்கு எவனாவது வருவான்.’”

அந்த எவனாவது நான்தான் என்று உறைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் வாழ்நாளில் யாரும் என்னை ஓர் அபாயம் என்று மதித்ததில்லை. அப்புறம்தான் விபரீதம் புரிந்தது. நான் இங்கே நிற்பதை யாராவது பார்த்தால் போதும்; அந்தச் சந்தில் அவள் நின்று சம்பாதித்ததெல்லாம் ஒரே வாக்கியத்தில் போய்விடும். கடல் மூழ்கடிப்பதைப் பற்றி மட்டும்தான் அதுவரை பயந்திருந்தேன். நானே ஒருவரை மூழ்கடிக்கலாம் என்பது புதுத் தகவல்.

“நான் இனிமே இங்க வரலைங்க,” என்றேன்.

“கடையா நானான்னு கேப்பீங்களோன்னு பயந்துகிட்டிருந்தேன்.”

“எதுக்குக் கேக்கணும்? நானா இருந்தாலும் கடைன்னுதான் சொல்லுவேன்.”

“அதான் உங்களைப் புடிக்குது,” என்றாள், விலை சொல்வதுபோல வெகு சாதாரணமாக. பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, “விருந்து முடியட்டும். ஞாயித்துக்கிழமை கடையில கூட்டம் தாங்காது. செவ்வாய்க்கிழமை பெசன்ட் நகர்ல உக்காருவீங்களா?”

“செவ்வாய்க்கிழமை ஒரு ஈ காக்கா வராது.”

“நான் வருவேன்.”

அன்று மத்தியானம் அவளுடைய அண்ணன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் மீசையைத் தொட்டுக்கொண்டான். நான் மீசையிலிருந்து ஆரம்பித்தேன்.

“காலைல கீழ, படகுகிட்ட நிக்கீங்களாமே. என் வீட்டுக்காரி பாத்திருக்கா.”

“கடல்னா எனக்குப் பயம்ங்க. படகுகிட்ட நின்னா ஒரு தைரியம்.”

“பயம் நல்லதுதான்,” என்றான். “தனியாவா நிப்பீங்க?”

பென்சில் முனை உடைந்தது. அதைச் சீவுகிற சாக்கில் கீழே குனிந்துகொண்டேன். ஒரு பென்சிலை அவ்வளவு நேரம் யாரும் சீவியிருக்க முடியாது. நிமிர்ந்தபோது அவன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “கூட்டம்னா யாராவது வந்து நிக்கத்தாங்க செய்வாங்க,” என்று எதையோ உளறினேன். படம் முடிந்ததும் வாங்கிப் பார்த்தான். மீசை காதைத் தாண்டி, கப்பலின் இரண்டு பக்கமும் நீண்டிருந்தது. சிரித்தான். சிரிப்பு மீசைக்குக் கீழே மட்டும் இருந்தது.

விருந்தன்று காலை அவளுடைய அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் உட்கார வைத்தார்.

“ஏட்டி, சின்னப் புள்ளைய மொதக்கொண்டு எல்லாரையும் வரஞ்சாச்சு. நீ மட்டும் என்னத்துக்கு ஒதுங்குத? உக்காரு.”

உட்கார்ந்தாள். கை மடியில் இருந்தது. எதையும் தொடவில்லை. நான் பென்சிலை எடுத்தேன். சுற்றிலும் அத்தைகள், மாமாக்கள், ஐஸ்கிரீம் ஒழுகும் குழந்தைகள். சீக்கிரம் முடித்து அனுப்பிவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கை தன்பாட்டுக்கு ஓடியது. முடித்துவிட்டுப் பார்த்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. தாளில் அவள் இருந்தாள். உள்ளது உள்ளபடி. காற்றில் கலைந்த முடியைக்கூட விடவில்லை; ஆனால் நாங்கள் இருந்த அறையில் காற்றே இல்லை.

என் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. ஒரு தையல்காரர் அளவெடுக்காமல் சட்டை தைத்து, அது கச்சிதமாகப் பொருந்திவிட்டால் என்ன அர்த்தமோ அதுதான் அர்த்தம்.

“அய்யோ, என் மவளேதான்!” என்று அவளுடைய அம்மா தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

“அம்மா, அது இன்னும் முடியலைங்க. கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு.”

“என்ன வேலை? கண்ணு மூக்கு எல்லாம் இருக்கே!”

வரைந்த படங்களையெல்லாம் விருந்துக் கூடத்தில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பால் வரிசையாகத் தொங்கவிடுவது வழக்கம். சாப்பிட வருகிறவர்கள் தங்களையும் மற்றவர்களையும் பார்த்துச் சிரிப்பார்கள்; போகும்போது கழற்றி எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கயிற்றின் நட்ட நடுவில் அவளுடைய அம்மா அந்தப் படத்தை மாட்டினார்.

மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்துக் கூடத்துக்குள் நுழைந்தேன். யானைக் காதுகள், மண்வெட்டிப் பற்கள், பூசணிக்காய்த் தொப்பைகள், கப்பல் அகல மீசை. நடுவில் ஒரு முகம், என்னைப் பார்த்துக்கொண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அது ஒன்றுதான் தெரிந்தது. கிளிப்பில் கை வைத்தேன். கயிற்றுக்குக் கீழேயே அவளுடைய அம்மா நாற்காலி போட்டு, காலை நீட்டி, மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்ததைத் தடித்த கண்ணாடி போட்டவன் கவனிக்கவில்லை.

“அதத் தொடாதீங்க தம்பி. எங்க வீட்டுக்காரரு வந்து பாக்கட்டும்.”

வெளியே படிக்கட்டில் அவள் எதிர்ப்பட்டாள். நின்று பேச முடியாது. இரண்டு பேரும் நடந்துகொண்டே பேசினோம், எதிரெதிர்த் திசையில்.

“எடுத்துட்டீங்களா?”

“முடியலைங்க.”

“எடுத்தாலும் கேப்பாங்க. விடுங்க.” அவள் குரலில் முதல்முறையாகப் பயம் கேட்டது.

மாலை மாற்றல் முடிந்தது. பெரியவரும் அவர் மனைவியும் கழுத்தில் மாலையோடு கயிற்றருகே வந்தார்கள். பின்னால் மொத்தக் குடும்பமும். பெரியவர் தன் படத்தைப் பார்த்தார். மூக்கு கப்பலின் முன்பக்கமாக நீண்டு அலையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. “நான்தாம்லே இது!” என்று அடித்துச் சிரித்தார். ஒவ்வொன்றாக நகர்ந்தார். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. நடுவில் வந்து நின்றார். சிரிப்பு நின்றது.

“என்ன சார்,” என்றான் அண்ணன், எல்லாருக்கும் கேட்கும்படி. “எங்க எல்லாருக்கும் குறை கண்டுபிடிச்சீங்க. எங்க தங்கச்சிக்கு மட்டும் ஒண்ணும் கெடைக்கலியா?”

அத்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐஸ்கிரீம் சப்புகிற சத்தம்கூட நின்றது. கடலில் குதித்துவிடலாமா என்று நிஜமாகவே ஒரு கணம் யோசித்தேன் என்றால் என் நிலைமை புரியும்.

பெரியவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “குறை இல்லாத மனுசன் உண்டாலே? அவரு மறந்திருப்பாரு. தம்பி, பலகைய எடுங்க. இப்ப வரைங்க. நாங்க பாக்கோம்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் வட்டமாகக் குடும்பம். தாளை மாட்டினேன். அவளைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூக்கு மூக்காக இருந்தது, பல் பல்லாக இருந்தது. இருபது வருஷத் தொழில் எங்கோ கீழே, தண்ணீருக்கு அடியில் கிடந்தது. அண்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் மூச்சு என் காதில் பட்டது.

அப்போது அவள் கை மடியிலிருந்து எழுந்தது. மெதுவாக, வேண்டுமென்றே, நாடியைத் தொட்டாள். மோவாய்க்கு அவர்கள் வீட்டில் நாடி என்றுதான் பெயர். தொட்டுவிட்டு அதை ஓர் அங்குலம் உயர்த்தினாள். ஒரு புருவம் மேலே போயிற்று. தறிக்காரர் ஒருவர் விலையை ஏற்றிச் சொன்னால் கடையில் அவள் போடுகிற முகம் அது; நான் பேசப் போன அன்றே பார்த்திருந்தேன். ஏற்றிய விலை தானாக இறங்கிவிடும் என்று அதைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க வேலை இல்லை. நாடியைப் பிடித்து இழுத்தேன். அது ஒரு துறைமுகம் அளவுக்கு நீண்டது, அதன்மேல் பட்டுப்புடவைகள் சரக்குபோல அடுக்கியிருந்தன. புருவம் தலைமுடியைத் தாண்டிக் கூரையில் இடித்தது. எந்தப் படத்திலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. மூலையில் என்னையே ஒரு பொம்மையாகப் போட்டுவிடுவது வழக்கம். கை பழக்கத்தில் அதையும் போட்டது: நாடிக்குக் கீழே, புடவை முந்தானையை ஒரு நுனியில் பிடித்துக்கொண்டு, முன்வழுக்கையும் தடித்த கண்ணாடியுமாக நடுங்குகிற ஒரு வாடிக்கையாளன்.

முதலில் சிரித்தது அவளுடைய அம்மா. பிறகு கூடமே அதிர்ந்தது. பெரியவர் மாலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இதுதாம்லே என் மவ! இந்த நாடிய வச்சுக்கிட்டு எவன் வந்தாலும் ஒரு கைக்குட்டை இனாமா வாங்க முடியுமா?” சிரித்த வாயோடு மகன் பக்கம் திரும்பினார். “என்னலே, முடியுமா?”

அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது முடியும் என்று எப்படிச் சொல்வது? அண்ணனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெரியவர் கடைகளைப் பிரித்துச் சொல்லிவிட்டார். சந்துக்கடை மகளுக்கு. அவள் எழுந்து அப்பா காலில் விழுந்தாள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கப்பல் திரும்பிய காலையில், துறைமுகத்தின் பளுதூக்கிகள் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், உயிர்காப்புப் படகின் கீழே நின்றுகொண்டிருந்தேன். பயம் தெளிந்து, முதல்முறையாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றது பெரியவர். கையில் சுருட்டிய தாள். விரித்துக் காட்டவில்லை, கூடத்தின் நடுவில் தொங்கிய முதல் படம்தான் என்று எனக்குத் தெரிந்தது.

“இத நீங்களே வச்சுக்கிடுங்க.”

வாங்கிக்கொண்டேன்.

“நான் காலமெல்லாம் துணி விக்கேன் தம்பி. கடையில தொங்கவிடுத துணிக்கும் வீட்டுக்குன்னு எடுத்து வைக்கிற துணிக்கும் வித்தியாசம் தெரியாதா?” கம்பியில் கையை ஊன்றிக்கொண்டார். “நீங்க கெட்டவரா இருந்தா எனக்குப் பயமே இல்ல. கெட்டவன என் மவளே வெரட்டிருவா. நல்லவன வெரட்ட அவளுக்குத் தெரியாது.”

“நான்...” என்று ஆரம்பித்தேன்.

“கடை அவளுக்குன்னு சொல்லியாச்சு. எழுதல. எழுதினாலும் என் காலத்துக்கப்புறம் மவன் கோர்ட்டுக்குப் போவான். அவனுக்கு ஒரு பேரு வேணும், அவ்வளவுதான். அந்தப் பேரு உங்களோடதா இருந்திரக் கூடாது.” அவர் கை தானாக எழுந்து நெஞ்சைத் தொட்டது, மூக்கை அல்ல. அவருடைய படத்தையும் நான் தப்பாகத்தான் வரைந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

“சரிங்க,” என்றேன். “புடவை எடுக்கணும்னாகூட...”

“வேற கடைக்குப் போங்க. அந்தத் தெருவுலயே நல்ல கடை நாலு இருக்கு.”

வாழ்நாளில் அவர் இன்னொரு கடையைச் சிபாரிசு செய்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இறங்குகிற வரிசையில் அவள் எனக்கு இரண்டு பேர் முன்னால் நின்றாள், அண்ணன் பக்கத்தில். திரும்பிப் பார்த்து, கூலிக்கு வந்த ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: “சார், நீங்க கேட்டீங்கள்ல, செவ்வாய்க்கிழமை எங்க கடைக்கு லீவு கெடையாது.”

“லீவப் பத்தி இவரு எதுக்குக் கேக்காரு?” என்றான் அண்ணன்.

“புடவை எடுக்கணுமாம்.”

“யாருக்கு?”

நான் என் சட்டைப்பையைத் தடவினேன், அதில் பதில் இருப்பதுபோல. “அக்காவுக்குங்க,” என்றேன். எனக்கு அக்கா கிடையாது. அவன் மீசையைத் தொட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டான். செவ்வாய்க்கிழமை வரமாட்டேன் என்பதை இப்படிச் சொல்லிவிட்டவள் அதற்கப்புறம் திரும்பவில்லை. அவளுடைய கை கழுத்தருகே போய், அங்கேயே நின்றிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அது தானாகப் போன கை.

சில மாதம் கழித்து, மயிலாப்பூரிலிருந்து வருகிற பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் மடியில் ஒரு புதுத் துணிப்பை. அதில் துறைமுகம் அளவுக்கு ஒரு நாடி. புருவம் பையின் கைப்பிடி வரை போயிருந்தது. அடுத்த வாரம் அடையாறில் இரண்டு பை. இப்போது எங்கே பார்த்தாலும் அதுதான். காய்கறிக்காரர் கீரையை அதில்தான் போட்டு வைத்திருக்கிறார். சந்துக்கடைக்கு என் படம் அடையாளச் சின்னமாகிவிட்டது. ஊரில் அதிகம் பார்க்கப்பட்ட ஓவியன் நான்தான் என்று நினைக்கிறேன். பேரைத்தான் வெளியே சொல்ல முடியாது.

முதல்நாள் அந்தப் பேருந்தில் எனக்கு வியர்த்துவிட்டது. மூலையில் நான் இருக்கிறேனே! அண்ணன் என்றைக்காவது அந்தப் பையை உற்றுப் பார்த்தால்? இறங்குகிற சாக்கில் குனிந்து பார்த்தேன். இருந்தான். முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டுதான் இருந்தான். அவனை வெட்டியெறிய அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் கண்ணாடியை எடுத்துவிட்டிருந்தாள். தலையில் கொஞ்சம் முடியும் வைத்திருந்தாள். இப்போது அவன் யாராகவும் இருக்கலாம். எவனாவது.

செவ்வாய்க்கிழமைகளிலும் பெசன்ட் நகர் போய் நாற்காலி போடுகிறேன். எதிர் நாற்காலி காலியாகவே இருக்கும். அண்ணனோ அவன் ஆளோ பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், மணலில் இறங்குமுன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன். அது இல்லாமல் என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்பது என் கணக்கு. அது இல்லாமல் எனக்கும் யாரையும் அடையாளம் தெரியாது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பத்தடிக்கு அப்பால் புடவை கட்டிக்கொண்டு யார் வந்தாலும் அவளாகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் பதறி எழுந்து நிற்கிறேன்.